சட்டாம்பிள்ளை திரும்பி வந்த தீவு: தேர்வு முடிவுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு

(நீண்ட பதிவு.)

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் முதலிடம் பெற்ற மாணவர்களின் படங்கள் நம் பக்கங்களை நிறைக்கின்றன. பன்னாட்டுத் தேர்வு ஒன்றில் உலக அளவில் முதன்மை பெற்றவர் நம்மவராக இருந்துவிட்டால் மகிழ்ச்சி இரட்டிப்பாகிறது. வாழ்த்துவதில் எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. ஆயினும் கல்வி வரலாற்றைப் பயில்வோர் கேட்க வேண்டிய வினா வேறொன்று. அந்த ஒரு மாணவரைப் பற்றியது அன்று அது. அவருடன் அதே வகுப்பில் அமர்ந்திருந்த மற்றவர்களைப் பற்றியது.

அந்த வினாவுக்குத் தமிழ்நாடு ஒருமுறை விடை பெற்றிருக்கிறது. பிசா எனச் சுருக்கமாக வழங்கும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 15 வயது மாணவர்களுக்கான தேர்வு அது. முடிவுகள் 2011 டிசம்பரில் வெளியாயின. தமிழ்நாட்டு மாணவர்களின் சராசரி மதிப்பெண் வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. அதே சுற்றில் முதலிடம் பெற்ற ஷாங்காய் நகரத்தின் மதிப்பெண்கள் முறையே 556, 600, 575. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இடம்பெற்ற பட்டியலில் நம் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. வினாக்கள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைச் சூழலுக்கு அயலானவை என்று விளக்கம் தரப்பட்டது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அடுத்து வந்த 2012, 2015, 2018, 2022 ஆகிய நான்கு சுற்றுகளிலும் இந்தியா பங்கேற்கவில்லை.

ஷாங்காய் எப்படி வென்றது? மாணவர்கள் நெடுநேரம் உழைத்தார்கள் என்பது வழக்கமான விடை. வீட்டுப்பாடச் சுமையும் தனிப்பயிற்சியும் அங்கு மிகுதி என்பது உண்மைதான். வெளியூர்களிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகள் பலர் அந்நகரத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குள் நுழைய முடியாதிருந்தனர் என்ற குற்றச்சாட்டும் புறக்கணிக்கத் தக்கதன்று. இவற்றைக் கழித்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. சீனப் பள்ளிகளில் 1950களிலிருந்தே ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு குழுவாக இயங்குகின்றனர். அவர்கள் முறையாகக் கூடிப் பாடத்தைத் திட்டமிடுகின்றனர்; ஒருவர் கற்பிக்கும்போது மற்றவர்கள் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கின்றனர்; எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினர் என்று பின்னர் விவாதிக்கின்றனர். அங்கே ஆசிரியர் பணியில் சேர்ந்த பின்னும் மாணவராகவே நீடிக்கிறார்.

என் வாதம் இதுதான்: கற்பிப்பவர் நாள்தோறும் கற்பவராகவும், கற்பவர் நாள்தோறும் கற்பிப்பவராகவும் இருக்கும் இடத்தில்தான் நல்ல கல்வி நிகழ்கிறது, தேர்வு முடிவு அதன் நிழல். இக்கூற்றை உரசிப் பார்க்க, உலகத் தரவரிசைகளில் எவரும் தேடாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒரே காலனி ஆட்சியின் கீழ் மூன்று வகையான கல்வி முயற்சிகள் நடந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு விளைவுகளைத் தந்தன.

முதலாவது, அந்தமான் இல்லம். தண்டனைக் குடியேற்றம் 1858இல் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1863இல், ஹென்றி கார்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் இவ்வில்லம் திறக்கப்பட்டது. அந்தமானியப் பழங்குடியினரை அங்குத் தங்கவைத்து ஆங்கில எழுத்துகளும் வேலைப் பழக்கங்களும் கற்பிக்க முயன்றனர். அவர்கள் விரும்பியபோது வெளியேற இயலாதபடி காவலும் இருந்தது. காட்டையும் கடலையும் பற்றி அவர்கள் அறிந்திருந்த அறிவுக்கு அந்த வகுப்பறையில் இடமில்லை. குடியேற்றத்துடன் ஏற்பட்ட தொடர்பு நோய்களையும் கொண்டுவந்தது. 1877இல் பரவிய தட்டம்மை பெரும் உயிரிழப்பை உண்டாக்கியது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேரே எஞ்சியிருந்தனர். அம்மக்களின் அழிவுக்குப் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் கற்பிப்பவர் எதையும் கற்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் எழுந்த பள்ளி அது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துப் பள்ளி. இங்குதான் ஒரு தமிழர் வருகிறார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வேதப்பன் சாலமன் 1890களின் நடுவில் அரசின் முகவராகவும் ஆங்கிலிகத் திருச்சபையின் உபதேசியாராகவும் இத்தீவில் பணியேற்றார். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்ததோடு அரசுக்காக நாட்குறிப்பும் எழுதிவந்தார். தீவினரின் விருந்துகள், சடங்குகள், நோய்கள், சாவுகள், பேய்விரட்டும் முறைகள் ஆகியன அதில் பதிவாயின. அதன் பகுதிகள் 1902இல் இலண்டனில் மானிடவியல் கழகத்தின் இதழில் அச்சேறின. இன்று நிக்கோபார் ஆய்வாளர்கள் அதை ஒரு மூலச் சான்றாகப் பயன்படுத்துகின்றனர்.

சாலமனின் பார்வையில் அக்காலத்துச் சமயப் பணியாளரின் முன்முடிவுகள் உண்டு; மதமாற்றமும் நிருவாகமும் அவருடைய பணியின் நோக்கங்களாக இருந்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் தீவினரிடையே வாழ்ந்து, நாள்தோறும் அவர்களைக் கவனித்து எழுதிய ஒருவர் ராஸ் தீவின் காவலர்களிலிருந்து அடிப்படையில் வேறுபடுகிறார். தம் மாணவர் எந்த உலகத்திலிருந்து எழுந்து வந்து பாயில் அமர்கிறார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தப் பள்ளியில் அமர்ந்தவர்களுள் 1884இல் பிறந்த ஹா-சேவ்-கா என்ற சிறுவனும் ஒருவன். ஜான் ரிச்சர்ட்சன் என்று பின்னாளில் அறியப்பட்டவர் இவரே. சாலமனின் முயற்சியால் பர்மாவின் மண்டாலே நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டார். தென்னை மரங்கள் சூழ்ந்த சிறு தீவிலிருந்து கடல் கடந்து, அறிமுகமில்லாத மொழிகள் ஒலிக்கும் நகரத்தில் படித்தவர் அங்கேயே ஒரு வேலையில் அமர்ந்திருக்கலாம். அவரோ 1912இல் தம் தீவுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அதன்பின் அவர் செய்தது நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. உரோமன் எழுத்துகளைக் கொண்டு கார் நிக்கோபாரிய மொழியை எழுதவும் படிக்கவும் தம் மக்களுக்குக் கற்பித்தார். புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்தார். கற்றவர்களைக் கொண்டு பிற கிராமங்களில் கற்பிக்கச் செய்தார். சப்பானியரின் ஆக்கிரமிப்புக் கொடுமைகளைக் கடந்து, 1950இல் ஆயராகத் திருநிலை பெற்றார். இந்தியாவின் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினராக 1952இல் நியமிக்கப்பட்டார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் விருதுகளையும் பெற்றார். எந்தத் தரவரிசையிலும் முதலிடம் பெற்றவர் என்று அவரை எவரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் ஒரு மொழியின் மக்கள் எழுத்தறிவு பெற்றதில் அவருக்கு உள்ள பங்கு எந்த மதிப்பெண்ணிலும் அடங்காது.

மூன்றாவது முயற்சியை அரசு தொடங்கவில்லை. அதன் கைதிகள் தொடங்கினர். 1896 முதல் 1906 வரை போர்ட் பிளேரில் கட்டப்பட்ட செல்லுலார் சிறையில் ஏழு சிறகுகளும் 690க்கும் மேற்பட்ட தனியறைகளும் இருந்தன. ஒருவர் மற்றவருடன் பேசக்கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட கட்டடம் அது. 1932இல் அரசியல் கைதிகளை மீண்டும் அங்கு அனுப்பத் தொடங்கினர். 1933 மே 12 அன்று அவர்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் இறந்தனர். 46 நாள்கள் நீடித்த அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் நல்ல உணவு மட்டுமன்றி, அறையில் விளக்கும் படிப்பதற்கு நூல்களும் செய்தித்தாள்களும் இடம்பெற்றிருந்தன.

விளக்கு வந்தது. நூல்களும் வந்தன. அதன்பின் சிறை ஒரு கல்லூரியாக மாறியது. வரலாறு, பொருளியல், மெய்யியல், அரசியல் ஆகியவற்றில் வகுப்புகள் நடந்தன. ஒரு துறையில் தேர்ந்தவர் ஆசிரியரானார். அவரே வேறொரு துறையின் வகுப்பில் மாணவராக அமர்ந்தார். 1935இல் சிறைக்குள் பொதுவுடைமைக் குழு உருவாக, படிப்பு வட்டங்கள் மேலும் ஒழுங்கு பெற்றன. 1937இல் மீண்டும் ஓர் உண்ணாநோன்பு நடந்தது; அதையடுத்துக் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுதலைக்குப் பின் அவர்களுள் பலர் தொழிற்சங்கங்களிலும் சட்டமன்றங்களிலும் பணியாற்றினர். அவர்களுக்குத் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. குறித்த நேரத்தில் படித்தல், படித்ததைப் பிறர்முன் எடுத்துரைத்தல், மறுப்புக்கு விடை கூறுதல் ஆகிய பழக்கங்கள் மட்டும் இருந்தன.

இப்பழக்கங்களின் வலிமையை உளவியல் பின்னர் உறுதிசெய்தது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு நன்கு அறியப்பட்டது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் தெளிவாக முந்தினர். பிறர்க்கு எடுத்துரைப்பவர் செய்வதும் இதுவே. நூலை மூடிவைத்து நினைவைத் தோண்டி எடுக்கிறார்.

நம் திண்ணைப் பள்ளிகள் இதை அறிந்திருந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அங்கு இயல்பு. 1789இல் சென்னையின் ஆண்கள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் கைக்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி அவர் நூல் வெளியிட, 'மதராஸ் முறை' உலகெங்கும் பரவியது. ஆனால் பரவிய இடங்களில் அதன் உயிர் போயிற்று. ஓராசிரியருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள் என்று செலவைச் சுருக்கும் வழியாக அது ஆனபோது, சட்டாம்பிள்ளை வெறும் ஒப்புவிக்கும் கருவியானான். மாணவர் கற்பிப்பது ஆசிரியருக்கு மாற்று ஆகாது. ஆசிரியர் நன்கு கற்பித்ததன் பயனாக நிகழ்வது அது. சாலமன் இல்லாமல் ரிச்சர்ட்சன் இல்லை.

இந்த வேறுபாட்டை மறந்தால் இன்றும் அதே பிழை நேரும். பிசா மதிப்பெண்களைக் கண்டு அஞ்சி, பிசா வினாக்களுக்கு மாணவரைப் பயிற்றுவிக்கும் தனி வகுப்புகளை நாம் தொடங்கலாம். மதிப்பெண் சற்று உயரவும் கூடும். ஆனால் ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கற்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் நம் கால அட்டவணையில் இருக்கிறதா? கணக்கெடுப்பு, தேர்தல், பதிவேடு என்று அவருடைய நேரம் கரைந்துபோகும்போது அவர் எப்போது மாணவராவார்?

இன்றும் இத்தீவுகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. இந்தி, வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரியம் எனப் பல மொழிகள் புழங்கும் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வகுப்புக்கு வருகின்றனர். அங்கே பணியாற்றும் ஆசிரியர் எவரேனும் இப்பதிவை வாசித்தால், தம் வகுப்பறையில் தாம் கற்றது என்ன என்பதை எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன். சாலமன் எழுதிவைத்ததால்தான் நூறாண்டுகளுக்குப் பின்னும் நாம் முஸ் கிராமத்தைக் காண முடிகிறது. மாணவ நண்பர்களுக்குச் சொல்ல ஒன்றே உண்டு: இன்று படித்ததை நாளை நூலை மூடிவைத்துவிட்டு, அதை அறியாத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சொல் தடுமாறுகிறதோ, மறுபடியும் படிக்க வேண்டியது அங்கிருந்துதான்.