வாசித்தவர் யார்?

1966 செப்டம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி மங்கீஸ்' என்ற அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தது. கடற்கரையோர வீடொன்றில் நான்கு இளைஞர்கள், அவர்களுடைய ராக் இசைக்குழு, கிடைக்காத கச்சேரிகள், பாக்கி நிற்கும் வாடகை. இவ்வளவுதான் விஷயம். 1968 மார்ச்சில், 58 பகுதிகளோடு தொடர் நின்றுபோயிற்று. இரண்டு வருஷம்கூட ஓடாத ஒரு வியாபாரச் சரக்கைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று கேட்கலாம். சீரிய கலை, வியாபாரக் கலை என்கிற பாகுபாட்டை நாம் ஏறக்குறைய தீட்டு பார்ப்பதுபோல அனுஷ்டித்து வருகிறோம். அந்த அனுஷ்டானத்துக்குள் அடங்காத ஒரு சரித்திரம் இது என்பதுதான் என் பதில்.

தொடரின் பிறப்பே பொய்யில்தான். பீட்டில்ஸ் நடித்து ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய 1964ஆம் வருஷத்துப் படத்தின் வெற்றியைக் கண்டு, பாப் ராஃபெல்ஸன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் 1965 செப்டம்பரில் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். டேவி ஜோன்ஸும் மிக்கி டோலென்ஸும் ஏற்கனவே நடிகர்கள். மைக்கேல் நெஸ்மித்தும் பீட்டர் டோர்க்கும் பாட்டுக்காரர்கள். ஒரு குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுப்பதைப்போல ஒரு இசைக்குழுவை எடுத்தாயிற்று.

சமீபத்தில் இதன் பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வடிவம். பாத்திரங்கள் திடீரென்று காமிராவைப் பார்த்துப் பேசுகின்றன. காட்சிக்கு நடுவே எழுத்துகள் தோன்றிக் கதையைக் கேலி செய்கின்றன. காலமும் இடமும் வெட்டித் தாவுகின்றன. கோதாரிடம் நாம் பயபக்தியோடு சிலாகித்த விஷயங்களை இவர்கள் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே, குழந்தைகளுக்காகச் செய்திருக்கிறார்கள். 1967இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது இதற்குக் கிடைத்தது. இன்னொன்றும் உண்டு. இந்த வீட்டில் அப்பா இல்லை, மாமா இல்லை, புத்தி சொல்லும் பெரியவர் எவரும் இல்லை. அக்காலத்து அமெரிக்கக் குடும்பத் தொடர்களுக்கு இது புதிது. கடைசிவரை இவர்கள் ஜெயிப்பதும் இல்லை. வாரா வாரம் தோற்று, அடுத்த வாரம் அதே வீட்டில், அதே வாடகை பாக்கியோடு எழுந்திருக்கிறார்கள்.

திரையில் தோற்றுக்கொண்டிருந்த குழு வெளியே லட்சக்கணக்கில் இசைத்தட்டுகளை விற்றது. ஆனால் முதல் இரண்டு தட்டுகளிலும் நால்வர் பாடினார்களே தவிர, வாத்தியங்களைப் பெரும்பாலும் வாசித்தது கூலிக்கு அமர்த்தப்பட்ட ஸ்டூடியோக் கலைஞர்கள். ஹால் ப்ளெய்ன், க்ளென் காம்ப்பெல் போன்ற தேர்ந்த கைகள். இசைப் பொறுப்பிலிருந்த டான் கர்ஷ்னருக்கு நால்வரும் வாசிக்க வேண்டிய அவசியமே படவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1966 டிசம்பரிலேயே ஹொனலூலுவில் மேடையேறி அவர்கள் தாங்களே வாசித்துக் கச்சேரி செய்திருந்தார்கள். மேடையில் அனுமதிக்கப்பட்டது தட்டில் அனுமதிக்கப்படவில்லை. 'இது போலிக் குழு' என்று பத்திரிகைகள் எழுதியபோது குழு கலகம் செய்தது. 1967 தொடக்கத்தில் கர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். அந்த மே மாதம் நால்வரும் தாங்களே வாசித்த 'ஹெட்குவார்ட்டர்ஸ்' வந்தது. விற்பனையில் முதலிடத்துக்குப் போய், பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' வந்ததும் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. அதற்கடுத்த தட்டிலேயே வெளிக் கலைஞர்கள் மறுபடியும் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இம்முறை அது அவர்களாகவே எடுத்த முடிவு. இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

இதற்குப் பிறகு சரித்திரம் இரண்டாகப் பிரிகிறது. கர்ஷ்னர் அடுத்துக் கையிலெடுத்தது ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவை. சித்திரம் கலகம் செய்யாது. ரான் டான்டேயின் குரலில் 1969இல் அக்குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே ஆர்ச்சி கும்பலை 2023இல் ஸோயா அக்தர் ஆங்கிலோ-இந்திய மலைவாசஸ்தலம் ஒன்றில் குடியேற்றி ஹிந்திப் படமாக்கினார். மற்ற கிளை ராஃபெல்ஸனுடையது. 1968இல் ஜாக் நிக்கல்ஸனோடு சேர்ந்து எழுதி, இதே நால்வரை வைத்து 'ஹெட்' என்ற படத்தை எடுத்தார். அது அவர்களுடைய பிம்பத்தைத் தானே கிழித்துப் போட்டது, படம் படுதோல்வி. ஆனால் தொடரில் சம்பாதித்த பலத்தில்தான் ராஃபெல்ஸனும் ஷ்னைடரும் 1969இல் 'ஈஸி ரைடர்' தயாரித்தார்கள். 1970இல் ராஃபெல்ஸன் இயக்கிய 'ஃபைவ் ஈஸி பீஸஸ்' வந்தது. பியானோ வாசிக்கத் தெரிந்தும் எண்ணெய்க் கிணற்றில் கூலி வேலை பார்க்கும் ஒருவனின் கதை. நாம் மரியாதையோடு பேசும் அமெரிக்கப் புதிய சினிமாவின் முதலீடு, நாம் திரும்பிப் பார்க்காத ஒரு கோமாளித்தனத்திலிருந்து வந்திருக்கிறது.

தமிழில் இந்தக் கலகம் நடந்திருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். இங்கே உடலையும் குரலையும் பிரித்து வைப்பதில் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. 1938இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமா'ரில் பின்னணிப் பாடல் வந்தது. 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் ருக்மிணியின் உதட்டசைவுக்குப் பெரியநாயகியின் குரல் ஏற்றப்பட்டது. பிறகு அதுவே நியதி. ராக் குழுவைப் பற்றி நம்மிடம் உள்ள பிரபலமான படைப்பு 1979இல் வந்த கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்', கதை சுஜாதா. கமல்ஹாசனுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார், ரஜினிகாந்துக்கு இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனே பாடினார். கிதாரும் டிரம்ஸும் யாருடைய கைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வியே எழாத இடத்தில் போலி என்ற வசவுக்கும் இடமில்லை. நானே வாசிக்கிறேன் என்ற பிடிவாதத்துக்கும் இடமில்லை.

இதைக் காஞ்சிபுரத்திலிருந்து எழுதுவதால் எனக்கு இது வெறும் சினிமா விஷயமாகத் தோன்றவில்லை. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நிறம்; இரண்டும் தறியிலேயே இழைக்கு இழை பின்னிக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறவர் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டு ஆள். புடவைப் பெட்டியில் இருப்பது கடையின் பெயர். 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றியது, அதுவும் நியாயமே. ஆளின் பெயர் அதில் வராது. வங்கியில் நாள் முழுவதும் கையெழுத்துகளைச் சரிபார்க்கிற எனக்கு, கையெழுத்தில்லாத இவ்வளவு பெரிய வேலை ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது உறுத்துகிறது.

நமக்கு இல்லாமல் போனது இன்னொன்றும் இருக்கிறது. அறுபதுகளின் இறுதியில் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பாட்டுக்கு பாலசுப்ரமணியம், கிதாரும் பிறகு ஆர்மோனியமும் இளையராஜா, தாளத்துக்கு பாஸ்கர், கிதாருக்கு கங்கை அமரன், ஆர்மோனியத்துக்கு அனிருத்தா. எவரும் இன்னும் பெரிய ஆள் ஆகவில்லை. மங்கீஸ் பாசாங்கு செய்த வாழ்க்கையை இவர்கள் நிஜமாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டும். சென்னை நிலையம் திறந்தது 1975 ஆகஸ்ட் 15. அடுத்த வருஷமே 'அன்னக்கிளி' வந்துவிட்டது. கஷ்டப்பட்ட காலம் வெற்றி விழா மேடைகளில் நினைவு கூரப்படும் பூர்வ கதையாகிவிட்டது. தமிழில் கலைஞனின் வறுமை ஒன்று கண்ணீராகும், அல்லது வெற்றிக்கு முன்னுரையாகும். ஜெயிக்காமல், ஆனால் சிரித்துக்கொண்டு, அடுத்த வாரமும் கிதாரைத் துடைத்து வைக்கிற இளைஞர்களை நம் கலை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்றாலும்.

அவர்கள் இன்றும் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கிறார்கள். பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. நம் அளவுகோலில் நகல், ஆகவே போலி. ஆனால் மெல்லிசைக் கச்சேரிக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஒரு இடத்தில் குழுத் தலைவர் பாட்டை நிறுத்தி, கீபோர்டு இன்னார், தபேலா இன்னார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார், பெயர் சொல்லப்பட்டவர் நாலு அடி தனியாக வாசிப்பார், கூட்டம் கைதட்டும். அசல் தட்டில் இதே வாசிப்பை முதலில் வாசித்தவருக்கு அந்தக் கைதட்டல் கிடைத்ததில்லை. அசல் என்பது பிறப்பில் இருப்பதல்ல. தன் வேலையைத் தன் பெயரில் கேட்டு வாங்குவதில் இருக்கிறது என்பதை மங்கீஸ் நான்கு பேரும் 1967இல் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் மெல்லிசை மேடைகளில் அது சண்டையில்லாமல், ஐந்து நிமிஷத்துக்கு, நடந்து முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து நிமிஷத்தின் சரித்திரத்தை யாராவது எழுதத் தொடங்க வேண்டும்.