பீலிக்கரையும் பம்பர்ஸும்

துணியா பம்பர்ஸா என்ற கேள்வி எங்கள் அம்மாயிமாருக்கு இருக்கவில்லை. நைந்த சேலையைக் கிழித்தால் அதுதான் பிள்ளைத்துணி. 1961இல் அமெரிக்காவில் பம்பர்ஸ் விற்பனைக்கு வந்த காலத்தில், லயத்துப் பெண்கள் விடியுமுன் பீலியில் துணி அலசிவிட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்தெடுக்க ஓடினார்கள். அட்டன் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் துணி எங்கே காயும்? அடுப்புக்கு மேலே கொடிகட்டி, புகைவாசத்தோடுதான் கட்டிவிட்டார்கள். பம்பர்ஸ் கட்டும் தாயைச் 'சொகுசுக்காரி' என்கிறவர்கள் ஒரு விடியலில் அந்தப் பீலிக்கரைக்கு வந்து நிற்கட்டும்!

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. மறுவருஷ நெருக்கடியில் விலையேற, எங்கள் லயத்தில் பழைய சேலை திரும்ப வந்தது.

பாவித்த பம்பர்ஸ் எங்கே போகும்? தோட்டத்துக்குள் பிரதேச சபைகள் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாயிருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். எங்கள் லயத்துக்குக் குப்பை வண்டி இன்னும் வரவில்லை. மழைக்கு எல்லாம் கானில் வந்து அடைக்கிறது.