ஒரே கூரை, பல பூட்டுகள்

எங்கட தளத்தைப் போன்ற சின்னத் தளங்களுக்குச் சொந்தமாக ஒரு சேர்வர் கிடையாது. முகம் தெரியாத இன்னும் பல தளங்களோடு ஒரே கணினியில் குடியிருக்கிறோம். ஆனாலும் நீங்கள் முகவரியைத் தட்டினால் எங்கட பக்கம்தான் வருகிறது. அதுவும் https என்ற பாதுகாப்போடு வருகிறது. இன்றைக்கு இது சாதாரண விசயம். பதினைந்து, இருபது வருடங்களுக்கு முதல் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் காசுள்ள தளங்களுக்கே கிடைத்தது. அது எப்படி எல்லோருக்குமானது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இணையத்தில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. வீட்டு இலக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 90களின் தொடக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்பதுதான் கணக்கு. உலாவி போய்க் கதவைத் தட்டி "இந்தப் பக்கத்தைத் தா" என்று கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லவே சொல்லாது. வீட்டில் ஒரு குடும்பம்தானே, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

தளங்கள் பெருகப் பெருக இது சரிவரவில்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி 1.1 ஒரு சின்ன மாற்றத்தைக் கட்டாயமாக்கியது: உலாவி தான் தேடி வந்த தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஹோஸ்ட்' என்ற அந்த ஒரு வரியால் ஒரே இலக்கத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க முடிந்தது. மாணவர்களும் சிறு சஞ்சிகைக்காரர்களும் குறைந்த காசில் தளம் நடத்த வழி பிறந்தது.

ஆனால் பாதுகாப்பு என்று வந்தபோது இந்த வழி அடைபட்டது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல் என்ற முறையை வெளியிட்டிருந்தது. உலாவிக்கும் சேர்வருக்கும் இடையில் போகும் எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டிவிடும் வேலை அது. உறையை ஒட்டுவதற்கு முதல் சேர்வர் தன்னுடைய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதைத்தான் சான்றிதழ் என்கிறார்கள். ஒரு வீட்டில் ஐம்பது குடும்பம் இருந்தால் யாருடைய அட்டையைக் காட்டுவது? வந்தவர் தேடும் பெயரோ ஒட்டிய உறைக்குள் வரப்போகிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான்.

பல பெயர்களை ஒரே அட்டையில் அச்சடிக்கும் வழி ஒன்று இருந்தது. ஆனால் புதிதாக ஒருவர் குடிவரும்போதெல்லாம் அட்டையை மாற்ற வேண்டும். மற்றபடி, பாதுகாப்பு வேண்டுமென்றால் தனி இலக்கம் வாங்கத்தான் வேண்டும். அந்த இலக்கங்களோ மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்து முடிந்தன. இலங்கையையும் உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பிராந்தியம் அதே ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது.

பூட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010 ஒக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறிய மென்பொருள் காட்டியது. ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் இரண்டொரு கிளிக்கில் நுழைய முடிந்தது. பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. சின்னத் தளங்கள் என்ன செய்வது?

உண்மையில் தீர்வு 2003 ஜூனிலேயே எழுதப்பட்டிருந்தது. எஸ்.என்.ஐ என்று பெயர். உலாவி கதவைத் தட்டும்போதே, உறை ஒட்டப்படுவதற்கு முதலே, தான் தேடிவந்த பெயரைச் சொல்லிவிடும். சேர்வர் அதற்குரிய அட்டையை எடுத்துக் காட்டும். அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டுமே. 2006இல் ஃபயர்பொக்ஸ் 2 கற்றுக்கொண்டது. அப்பாச்சி சேர்வர் 2009இல்தான் கற்றுக்கொண்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடைசிவரை கற்கவேயில்லை. எக்ஸ்பி பாவித்தவர்களை இழக்க யாரும் விரும்பவில்லை. பழைய கணினிகளுக்காகப் புதிய வழி பல வருடங்கள் காத்துக் கிடந்தது.

2014 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. இடத்தைப் பகிரலாம், அட்டைக்கும் காசில்லை என்று ஆனபிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு https எட்டியது.

கதை இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் அந்தப் பெயர் உறைக்கு வெளியே சொல்லப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் எதை வாசிக்கிறீர்கள் என்று இடையில் நிற்பவருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். 2018இல் வந்த டி.எல்.எஸ் 1.3 அடையாள அட்டையைக்கூட உறைக்குள் போட்டது, பெயர் மட்டும் வெளியிலேயே நின்றது. 2019 பெப்ரவரியில் தென்கொரிய அரசு அந்தப் பெயரைப் பார்த்தே தளங்களைத் தடுக்கத் தொடங்கியது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்ட நாட்களைக் கண்ட எங்களுக்கு, தடை என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பெயரையும் மறைக்கும் புதிய முறையை 2023இல் குரோமும் ஃபயர்பொக்ஸும் சேர்த்துக்கொண்டன. சேர்வரும் ஒத்துழைத்தால்தான் அது வேலை செய்யும். அதில் ஒரு விசயம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. தனி வீட்டில் இருப்பவர் பெயரை மறைத்தும் பெரிதாகப் பலனில்லை, வீட்டு இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் பேர் குடியிருக்கும் வீட்டுக்குள் ஒருவர் போனால், யாரைப் பார்க்கப் போனார் என்று வெளியில் நிற்பவரால் சொல்ல முடியாது. காசில்லாமல் ஒரே கூரைக்குள் ஒண்டிக்கொண்டவர்களுக்கு இப்போது அந்த நெருக்கடியே மறைப்பாகிறது.