சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு: காசநோய் மருத்துவத்தைச் சேத்துப்பட்டு மாற்றிய விதம்

சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வருகிறது. டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. ஊரைவிட்டு ஒதுங்கிய இடம், நல்ல காற்று, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. காசநோயாளிக்கு அன்றைய மருத்துவம் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான். அந்த ஏற்பாடு தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வும் இதே சென்னையில்தான் நடந்தது. அது எதை நிரூபித்தது, எதை நிரூபித்ததாகப் பிறகு எடுத்துக்கொண்டார்கள் என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் பயந்து சொன்ன இந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளை மற்றவர் சுவாசிப்பதால் தொற்றுகிறது. தொற்றியவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடலில் அது அடங்கிக் கிடக்கும். உடல் பலம் குன்றும்போது கிளம்பும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல், சாயங்காலமானால் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடைக்குறைவு, முற்றினால் சளியில் ரத்தம் என்பவை நுரையீரல் காசநோயின் அறிகுறிகள். நுரையீரலோடு நிற்பதும் இல்லை. நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, மூளையுறை என்று எங்கும் போகும்.

காரணம் தெரிந்த பிறகும் அறுபதாண்டுகளுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து கையில் இல்லை. ஊசி வழியாக நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுத்தார்கள். விலா எலும்புகளை வெட்டி எடுத்து நெஞ்சையே அமுக்கும் அறுவை சிகிச்சையும் இருந்தது. மற்றபடி சானடோரியம். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் திறந்த மிஷன் சானடோரியம் தென்னிந்தியாவில் இதற்குப் பேர்போனது. சவுரிமுத்து தாம்பரத்துக்கு வருமுன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917இல் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாகச் சில காலம் இருந்தார். குளிரிலும் காற்றோட்டமே மருந்து என்ற ஊரில், சைவச் சாப்பாட்டுக்காரரான அவர் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பின்னாளில் வாதிட்டவர்கள் உண்டு. 1920 ஏப்ரலில் அவர் காலமான இடம் சென்னையின் சேத்துப்பட்டு. முப்பத்தாறு ஆண்டு கழித்து இந்தக் கதை திசை திரும்பிய இடமும் அதுதான்.

நடுவில் மருந்து வந்துவிட்டது. 1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் சோதித்த முறை மருத்துவ வரலாற்றில் தனி இடம் பெற்றது. 107 நோயாளிகள், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு முறை தீர்மானித்தது. முடிவு 1948இல் வெளியானது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். கொண்டாட வேண்டிய கணக்குத்தான். ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 32 பேரும் இரண்டாவதில் 35 பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். காரணம் இது: நுரையீரல் குழியில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும்போது, எந்த ஒரு மருந்துக்கும் மசியாத சில கிருமிகள் அவற்றில் இயல்பாகவே இருக்கும். மற்றவை செத்ததும் இவை பெருகிவிடும். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பும் கிருமி கிடைப்பது அரிது. பாஸ் என்ற மருந்தும், 1952இல் வந்த மலிவான ஐசோனியாசிடும் இந்தக் கூட்டு மருத்துவத்தைச் சாத்தியமாக்கின.

இந்தியாவின் சிக்கல் வேறு விதமானது. 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுச் சுகாதாரக் குழு தன் அறிக்கையில் கொடுத்த மதிப்பீடு: நாட்டில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம், ஆண்டுக்குச் சாவு சுமார் 5 லட்சம், இருக்கும் படுக்கைகள் ஏறத்தாழ 6,000. படுக்கை கட்டி முடிக்கிற காரியமில்லை என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாமா? மேலை மருத்துவர்கள் பலருக்கு இது ஏழை நாட்டுக்கான இரண்டாந்தர ஏற்பாடாகவே பட்டது. சோதித்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் கழகத்தின் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அங்கே வந்து சேர்ந்தார்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஓராண்டு ஐசோனியாசிடும் பாஸும். ஒரு பாதி சானடோரியத்தில் படுத்திருந்தது. மறு பாதி, நெரிசலான வீட்டில், பிள்ளைகுட்டிகளோடு, கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்தவர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து சாப்பிட்டது. 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சாப்பாட்டிலும் ஓய்விலும் இருந்த பெரிய வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆறு சதவீதம் ஒன்றுமே இல்லை. அடுத்த கவலை தொற்று. வீட்டிலேயே நோயாளியை வைத்திருந்தால் குழந்தைகளுக்குப் பரவாதா? ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. காரணம் எளிது: பரவ வேண்டியது நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே பரவிவிட்டிருந்தது. மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை வேகமாக இறங்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் மையத்தின் அடுத்த கண்டுபிடிப்பு இதைவிடக் கூர்மையானது. மருந்து வீட்டுக்குப் போனதும், அது வயிற்றுக்குப் போகிறதா என்ற கேள்வி வந்தது. பாஸ் நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், நன்றாக இருக்கிறவர் எதற்கு இந்தச் சனியனை விழுங்க வேண்டும் என்று நினைப்பது இயற்கை. மையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் மருந்து தவறியது. ஆகவே வாரம் இருமுறை மட்டும் மருத்துவமனைக்கு வந்து, ஊழியர் கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியாசிடும் பெற்றுக்கொள்ளும் முறையைச் சோதித்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வு, தினசரி மருந்துக்கு இது இளைத்ததல்ல என்றது. முப்பதாண்டு கழித்து டாட்ஸ் என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாகக் கொண்டுபோன நேரடி மேற்பார்வைச் சிகிச்சைக்கு வேர் இங்கே இருக்கிறது. எழுபதுகளில் ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர்ந்தபின் ஓராண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. இடைவெளி விட்டு மருந்து கொடுப்பதை மட்டும் இந்தியா 2017இல் கைவிட்டு, தினசரி முறைக்கே திரும்பியது.

நோயாளிதான் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்ற பேச்சுக்கும் அதே காலத்தில் ஒரு பதில் கிடைத்தது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டெபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை அறிந்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதோ ஒரு மருத்துவமனைப் படியை ஏற்கெனவே மிதித்திருந்தார்கள். சளியைப் பரிசோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியது மருத்துவமனை. இன்றைக்கும் விடாத இருமலோடு மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்து மாதங்களைக் கழிப்பவர்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வு பழசாகவில்லை என்று தோன்றுகிறது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். நல்ல மருந்து தவறாமல் உள்ளே போனால், குறைவான சாப்பாட்டிலும் சளியில் கிருமி இல்லாமல் போகும் என்பதைச் சேத்துப்பட்டு ஆய்வு காட்டியது. இது உண்மை. ஆனால் அது ‘காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை’ என்று சுருங்கி, பல பத்தாண்டுகள் நோய்த் தடுப்புத் திட்டங்கள் மாத்திரையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தன. பட்டினி கிடப்பவருக்கு நோய் ஏன் அதிகம் வருகிறது, எலும்பும் தோலுமாக வருபவர் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே ஏன் சாகிறார் என்ற கேள்விகளை அந்த ஆய்வு எழுப்பவே இல்லை. எழுப்பாத கேள்விக்கு அதனிடம் பதில் இருப்பதாகக் கொண்டதுதான் பிழை.

அந்தக் கேள்விகளை எழுப்பிய ஆய்வு ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கி 2023இல் வெளியானது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் சுமார் பத்தாயிரம் பேரைத் தொடர்ந்தார்கள். ஒரு தரப்புக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள். மறு தரப்பில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அரிசி பருப்பு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே சாவும் வெகுவாகக் குறைவாக இருந்தது. மருந்துக் கம்பெனி ஒன்று இப்படியொரு தடுப்பூசியைக் கண்டுபிடித்திருந்தால் அமர்க்களப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. நோய் உறுதியானதும் ஊழியர் எடை, உயரம் பார்க்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு எடுக்கிறார், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். எக்ஸ்ரேகூட வேண்டாம். கடுமையான மெலிவு, மூச்சுத் திணறல், எழுந்து நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை மேல்பரிசோதனைக்கு அனுப்பி, தேவையானால் வார்டில் சேர்த்து, மருந்தோடு ஊட்டமும் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே ஆறு மாதச் சிகிச்சை. 2018இல் மத்திய அரசு தொடங்கிய மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அந்தப் பணம் நோயாளிக்கு மட்டும்தான். ஜார்க்கண்டில் நோயைத் தடுத்த அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தது கூட இருந்தவர்களுக்கு.