கெயில் எரிவாயுக் குழாய் வழக்கு

கொங்குப் பகுதி விளைநிலங்களில் எரிவாயுக் குழாய் பதிப்பதைத் தடுத்த தமிழக அரசின் உத்தரவை எதிர்த்து, மத்திய அரசு நிறுவனமான கெயில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. 2013 நவம்பர் 25 அன்று கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 2016 பிப்ரவரி 2 அன்று தோற்றது.

கொச்சியிலிருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டுசெல்லும் திட்டம் இது. தமிழகத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. நீளத்துக்குக் குழாய் திட்டமிடப்பட்டது. 1962ஆம் ஆண்டின் குழாய்வழிச் சட்டப்படி நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால், குழாய் போகும் இடத்தில் அவர் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பயிர், மரச் சேதத்துக்குத் தனியாகப் பணம் உண்டு. உரிமையை இழந்ததற்குச் சட்டம் வைத்த ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடுதான். கிணற்றுப் பாசனத்தையும் தென்னையையும் நம்பிப் பிழைக்கும் சிறு தோட்டக்காரருக்கு இது நியாயமான ஈடே அல்ல.

2013 மார்ச்சில் கோவையில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அதன்பின், தோட்டங்களை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். கெயில் நீதிமன்றம் சென்றது.

ரிட் மனு என்பதால் வழக்கில் சாட்சிக் கூண்டோ குறுக்கு விசாரணையோ இல்லை. பிரமாணப் பத்திரங்களையும் சட்ட வாதங்களையும் வைத்தே தீர்ப்பானது. பெட்ரோலியம் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. நாடாளுமன்றச் சட்டப்படி முடிவான பாதையை மாற்றச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்குப் பத்திரங்கள் போதும். ஒரு தோட்டம் எவ்வளவு இழக்கிறது என்பதை அப்படி அளந்துவிட முடியாது.

கோவை மாவட்டம் இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குச் செல்லும் எண்ணெய்க் குழாய்த் திட்டத்திலும் கொங்கு விவசாயிகள் முன்வைத்த கோரிக்கை, குழாயைச் சாலையோரம் பதிக்க வேண்டும் என்பதே.