பழைய செங்கல்பட்டும் பைக் ட்யூனிங்கும்

செய்யூர், மதுராந்தகம் வட்டத்து ஊராக இருந்த காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம் சென்னையைச் சுற்றி வளைத்து வடக்கே பழவேற்காடு வரை நீண்டிருந்தது. அந்தப் பழைய எல்லையை வைத்துப் பார்த்தால், இந்திய மோட்டார் சைக்கிள் வரலாற்றில் கணிசமான பகுதி இந்த ஒரு நிலப்பரப்புக்குள் நடந்திருப்பது தெரியும். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது. டிஸ்ட்ரிபியூட்டரும் இக்னிஷன் காயிலும் செய்ய, 1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் எழுந்தது. 1985இல் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டு சேர்ந்து உருவான யூகால், மறைமலை நகரில் கார்புரேட்டர் செய்தது. பந்தயத்துக்கு முதலில் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளம், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம். எரிபொருளும் தீப்பொறியும் சந்திக்கும் கணத்தைத் திருத்துகிற தொழில் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்து அந்தத் தொழிலைக் கொன்றுவிட்டது என்று இன்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அது தவறான கணிப்பாகப் படுகிறது. தொழிலின் அறிவு தொடர்ந்து வளர்ந்துதான் வந்திருக்கிறது. பறிபோனது வண்டிக்குள் கைவைக்கும் அனுமதி.

பழைய புல்லட்டில் தீப்பொறியை எழுப்பும் பிளாட்டினம் பாயின்ட்டிலிருந்தே இதைப் பார்க்கலாம். பிஸ்டன் உச்சிக்கு வர சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க இடையில் மெல்லிய சிகரெட் தாளைச் செருகி, அது எப்போது நழுவுகிறது என்று பார்ப்பார்கள். வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னுக்குத் தள்ளுவது இரண்டு சிறிய எடைகளும் ஸ்பிரிங்குகளும். டைமிங் பிந்தினால் இன்ஜின் சூடேறும். முந்தினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பாயின்ட் தேயத் தேய இந்தக் கணக்கு தானாகவே நகர்ந்துவிடுவதால், புல்லட் வைத்திருப்பவருக்கு மெக்கானிக் இல்லாமல் முடியாது. ஆனால் இந்த ஓயாத திருத்தத்தில் பெரும்பகுதி தேய்மானத்தை ஈடுகட்டும் வேலை. அதையே கலையின் உச்சம் என்று கொண்டாடுவது, கூரை ஒழுகுவதைக் கொத்தனாரின் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது போன்றது.

இன்ஜெக்ஷன் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தீப்பொறி மெக்கானிக்கின் கையை விட்டுப் போய்விட்டது என்பதைப் புலம்புகிறவர்கள் கவனிப்பதில்லை. 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100இல் பாயின்ட் கிடையாது. சிடிஐ என்ற சீல் வைத்த பெட்டிதான். கெட்டால் மாற்றலாம், திறந்து திருத்த முடியாது. அப்படியிருந்தும் 98 சிசி கொண்ட அந்தச் சின்ன வண்டியைப் போல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் திருத்தப்பட்ட வண்டி வேறு இல்லை என்றே சொல்லலாம். டைமிங் நிலைத்துவிட்டதால் கவனம் மற்ற இடங்களுக்குப் போனது: சிலிண்டர் போர்ட்டின் உயரம், ஹெட்டின் அழுத்தம், சைலன்சரின் வயிறு, கார்புரேட்டரின் மெயின் ஜெட், ஊசியின் கிளிப். முழு த்ராட்டிலில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. காப்பிப்பொடி நிறமென்றால் சரி. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகும் என்பதால் இந்த வாசிப்பில் பிழைக்கு இடமில்லை. ஒரு கதவு மூடியதும் தொழில் இன்னும் நுட்பமான கதவைத் தேடிக்கொண்டது.

இன்ஜெக்ஷன் மெல்லத்தான் நுழைந்தது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர், பிறகு பல்சர் 220, 2009இல் கிளாசிக் 500. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 6 விதி நடைமுறைக்கு வந்ததோடு, ஓரகடத்திலிருந்து வரும் புல்லட் 350 உட்பட ஏறத்தாழ எல்லா வண்டிகளும் மாறின. இப்போது இன்ஜின் வேகத்தையும் த்ராட்டில் திறப்பையும் கொண்ட ஓர் அட்டவணைதான், அதாவது மேப்தான், இன்ஜெக்டர் எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்துக்குக் கலவையை இழுத்து வைக்கிறது. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியவர்கள், எல்லாவற்றையும் ஈசியு என்ற வண்டிக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். சீரான ஓட்டத்தில் அது ஓரளவு உண்மை. முழு த்ராட்டிலில் பெரும்பாலான வண்டிகள் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. எழுதிவைத்த எண்ணின்படியே ஓடும். 13க்கு அருகில் இருக்க வேண்டிய விகிதம் அங்கே வறண்டுபோகும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜின் திறனை அளக்கும் டைனோவும் அகலப்பட்டை சென்சாரும் வேண்டும். திருத்த ரீமேப்போ, பெங்களூரில் உருவான பவர்டிரானிக் போன்ற துணைப் பெட்டியோ வேண்டும். அந்தப் பெட்டி எரிபொருளோடு இக்னிஷன் டைமிங்கையும் மாற்றும். 1985இல் மூடிய கதவு இன்ஜெக்ஷன் காலத்தில்தான் மறுபடி திறந்தது என்பதை இன்ஜெக்ஷனை வெறுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

மேப்பைத் திறந்துவிட்டால் காற்று கெடும், கிழக்குக் கடற்கரைச் சாலை பந்தயத்தடமாகிவிடும் என்று எதிர்வாதம் வரும். அதில் நியாயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள நிறுவன வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பொதுச்சாலைக்கு அதுதான் சரி. வேகத்துக்கான ட்யூனிங்குக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. ஆனால் மேப்பை எழுதும் உரிமையும் வண்டி சொல்வதைப் படிக்கும் உரிமையும் வெவ்வேறு. செய்யூர் போன்ற உப்பளக் கரையில் உப்புக்காற்றால் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்துச் சென்சார் பொய் சொன்னால், எந்த வோல்ட் சரி, எது தவறு என்று அறியும் வழி உள்ளூர்ப் பட்டறைக்கு வேண்டும். அந்த எண்கள் தெரிந்தால் புகை குறையவே செய்யும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நிறுவனங்கள் வெளியிட வேண்டியவற்றில், கையேடுகளோடு சென்சார் அளவுகளும் பிழைக் குறியீடுகளின் முழு விளக்கமும் கட்டாயமாக இடம்பெற வேண்டும். மேப் பூட்டியே இருக்கட்டும்.