குதிரையேற்றம்: கற்று முடியாத கலை

பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய வரலாற்றை நம் ஜமாஅத்தார் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை என்றும், கடலில் மாண்டவற்றுக்கும் அவ்விலையே அளிக்கப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஆனால், வாங்கிய குதிரைகளைப் பேணத் தெரிந்தோர் அங்கு இல்லாமையால் ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்று மார்க்கோ போலோ குறிக்கிறார். பயணிகளின் கணக்கில் மிகை இருக்கலாம். எனினும் பொன் கொடுத்தால் குதிரை வரும், குதிரையைப் பற்றிய அறிவு வாராது என்பது அதனால் விளங்குகிறது.

அதே காலத்தில் மிஸ்ரை ஆண்ட மம்லூக்குகள் அந்த அறிவை ஒரு பாடத்திட்டமாகவே வகுத்திருந்தனர். ‘ஃபுரூஸிய்யா’ என்பது அதன் பெயர். கெய்ரோ கோட்டையின் பாசறைகளில் வளர்ந்த சிறுவனுக்கு முதலில் ஃபகீஹ் ஒருவர் குர்ஆனும் எழுத்தும் தொழுகையும் கற்பிப்பார். பருவம் எய்திய பின்னரே போர்ப் பயிற்சி. அப்போதும் உடனே உயிருள்ள குதிரை கிடைக்காது! மரத்தாலோ களிமண்ணாலோ செய்த குதிரையின் மேல் தாவி ஏறிப் பழக வேண்டும். அது கைவந்த பின் சேணமில்லாத குதிரை, அதன் பிறகே சேணமிட்ட குதிரை. நடை, பெருநடை, பாய்ச்சல் என ஒவ்வொன்றாகத் தேறி, ஈட்டிக்கும் வில்லுக்கும் வர வேண்டும்.

தேறியவர்க்கும் ஓய்வில்லை. ‘கபக்’ என்னும் துருக்கிச் சொல்லுக்குச் சுரைக்காய் என்பது பொருள். உயர்ந்த கம்பத்தின் உச்சியில் வைத்த அந்த இலக்கை, பாயும் குதிரையிலிருந்து அம்பெய்து வீழ்த்த வேண்டும். இதற்கெனவே சுல்தான் பைபர்ஸ் ஒரு மைதானம் அமைத்தார். ஹிஜ்ரி 658 (கி.பி. 1260) ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தோற்கடித்த படையில் இருந்தவர் அவர், வென்ற பிறகும் பயிற்சியை விடவில்லை.

இக்கலை படைவீரரோடு நின்றுவிடவில்லை என்பதே எனக்கு வியப்பளிக்கிறது. கி.பி. 1350இல் மறைந்த திமிஷ்க் நகரத்து மார்க்க மேதை இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களே ‘அல்ஃபுரூஸிய்யா’ என்றொரு நூல் இயற்றினார். குதிரையேற்றம், வில், ஈட்டி, வாள் என அதனை நான்காகப் பகுத்தார்.

பின்னர் வந்த சுல்தான்கள் காலத்தில் பயிற்சி தளர்ந்தது. கி.பி. 1501இல் பதவியேற்ற கான்ஸூ அல்கூரி அதற்கு மீண்டும் உயிரூட்ட முயன்றார். கோட்டையடி மைதானத்தைச் சீரமைத்தார். 1516 ஆகஸ்ட் 24 அன்று மர்ஜ் தாபிக்கில் உதுமானியரின் பீரங்கிகள் எதிரே நின்றபோது அவர் எழுபதைக் கடந்த முதியவர். குதிரை மீதமர்ந்தே படை நடத்தினார். ஹலப் ஆளுநர் அணி மாறியதால் படை சிதறியது. சுல்தான் அக்களத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய உடல் கிடைக்கவில்லை.